தேய்வது வெயிலில், தெரிவது மழையில்

ஐப்பசியின் முதல் மழை. மேலூரிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். யானைமலை கண்ணில் பட்டபோது தூறலாக இருந்தது, ஒத்தக்கடையை நெருங்கும்போது சடசடவென்று பிடித்துக்கொண்டது. முன்னால் போன டவுன் பஸ் நிறுத்தத்தில் நின்றது. லேசாகத்தான் பிரேக் பிடித்தேன். பின் சக்கரம் ஒரு சாண் அளவுக்குப் பக்கவாட்டில் விலகிப் போய், மறுபடி நேருக்கு வந்தது. விழவில்லை. ஆனால் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. சாலையோரம் இருந்த ஒரு பஞ்சர் கடையின் தகரக் கூரைக்குள் வண்டியை ஏற்றி நிறுத்தினேன்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"என்ன தம்பி, வழுக்கிருச்சா?"

"ஆமாண்ணே. பிரேக்கை லேசாத்தான் புடிச்சேன். பின்னாடி அப்படியே இழுத்துட்டுப் போயிருச்சு. டயர்லகூடப் பட்டன் இருக்கே."

அவர் பதில் சொல்லாமல் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டு, டயரின் நடுமுதுகில் கட்டைவிரலை வைத்தார். சக்கரம் ஒரு சுற்று வந்து நின்றது.

"இப்ப நீங்க வைங்க. எங்கயாச்சும் விரல் எறங்குதா?"

வைத்துப் பார்த்தேன். ஓரங்களில் பள்ளங்கள் ஆழமாக இருந்தன. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஸ்லேட்டுப் பலகையைப் போல வழவழவென்று இருந்தது.

"பட்டன் ஓரத்துல இருக்கு தம்பி. வண்டி ஓடுறது நடுவுல. சைடு ஸ்டாண்டு போட்டு நிக்கிறப்ப நம்ம கண்ணு பாக்குறது ஓரத்தைத்தான்."

தினமும் இரண்டு முறை அந்த வண்டியின் அருகில் நின்றிருக்கிறேன். தினமும் அந்த டயரைப் பார்த்துமிருக்கிறேன். பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் பார்த்ததில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் அந்த நடுமுதுகு கரைந்துகொண்டே இருந்தபோது வண்டி ஒரு குறையும் காட்டவில்லை. டயர் தேய்வது வெயிலில், தேய்ந்தது தெரிவது மழையில். இது ஏன் இப்படி என்பதையும், மழை வருவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ஓர் அஞ்சலட்டைக்குள் ஓர் உயிர்

ஒரு சாதாரண 110 சிசி பைக்கையும் அதை ஓட்டுபவரையும் சேர்த்து 190 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரம் 110 கிலோவைத் தாங்கும், முன் சக்கரம் 80 கிலோவைத் தாங்கும். பின் டயரில் 29 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 2 கிலோ எடை அழுத்தம். அப்படியென்றால் 110 கிலோவைத் தாங்க டயர் எவ்வளவு இடத்தைத் தரையில் பதிக்க வேண்டும்? 110ஐ 2ஆல் வகுத்தால் 55 சதுர சென்டிமீட்டர். முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ என்றால் 45 சதுர சென்டிமீட்டர்.

இது தோராயக் கணக்குதான். டயரின் விறைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஆனாலும் இரண்டு டயர்களும் தரையைத் தொடும் இடத்தைச் சேர்த்து வெட்டி எடுத்தால், அது ஓர் அஞ்சலட்டைக்குள் அடங்கிவிடும். இன்ஜினின் இழுப்பு, பிரேக்கின் பிடிப்பு, வளைவில் சாய்ந்து திரும்புவது எல்லாமே அந்த அட்டை அளவு ரப்பர் வழியாகத்தான் சாலைக்குப் போகின்றன. காருக்கு நான்கு இடங்களில் பிடிமானம் உண்டு, ஒன்று வழுக்கினாலும் மற்ற மூன்றும் தாங்கும். பைக்கில் முன் டயர் பிடி விட்டால் பெரும்பாலும் அடுத்த நொடி நாம் தரையில் இருப்போம்.

பாலில் இருந்து கறுப்புக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் விடியற்காலையில் போனால், ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். சிரட்டையில் சொட்டும் அந்த வெள்ளைப் பால்தான் டயரின் மூதாதை. ஆனால் வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் நிலைபெறும் என்று கண்டார். நூடுல்ஸ் போலச் சிக்கிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே கந்தக அணுக்கள் பாலம் கட்டுகின்றன. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும்.

தொடக்க கால டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பன் பிளாக் எனப்படும் மிக நுண்ணிய புகைக்கரியைக் கலந்தபோது டயரின் ஆயுள் பல மடங்கு கூடியது. இன்று ஒரு டயரின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தக் கரி. கறுப்பு நிறம் அழகுக்காக வந்ததல்ல, தேய்மானத்தைத் தடுக்க வந்தது.

ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வழிகளில். ஒன்று ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகளும் சாலைக்கல்லின் மேற்பரப்பும் மிக நெருக்கமாக வரும்போது ஒன்றையொன்று இழுக்கின்றன. இரண்டாவது, உருமாற்றம். சாலையின் ஜல்லி முனைகள் ரப்பருக்குள் குத்தி இறங்குகின்றன. ரப்பர் அந்த முனையைச் சுற்றி வழிந்து, சோம்பலாகத்தான் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சோம்பலில் ஆற்றல் வெப்பமாகிறது, அதுவே பிடிப்பாக நமக்குக் கிடைக்கிறது. ஒட்டுதலுக்கு உலர்ந்த தரை வேண்டும். நடுவில் தண்ணீர் புகுந்தால் ஒட்டுதல் பெருமளவு போய்விடும், உருமாற்றம் மட்டும் மிஞ்சும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிடிப்பு இருக்கும் இடத்தில் தேய்மானமும் இருக்கும். சக்கரம் வழுக்காமல் உருள்வதாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் தரையில் பதிந்த அந்தச் சிறு பரப்பின் பின்பகுதியில், ரப்பர் தரையை விட்டு எழும் இடத்தில், அது கொஞ்சம் உரசி இழுபடுகிறது. திராட்டிலைத் திருகும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் இந்த இழுபடல் கூடுகிறது. 1950களில் அடால்ஃப் ஷாலமாக் என்ற இயற்பியலாளர் தேய்ந்த ரப்பரை நுணுகி ஆராய்ந்தார். இழுபட்ட திசைக்குக் குறுக்கே, மணல்மேட்டில் காற்று போட்ட வரிகளைப் போல நுண்ணிய வரப்புகள் உருவாவதை அவர் விளக்கினார். ஒவ்வொரு வரப்பின் உதடும் வளைந்து வளைந்து, கடைசியில் துணுக்காகக் கழன்று விழுகிறது. முரட்டுத்தனமாக ஓட்டிய வண்டியின் பின் டயரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இந்த வரிகளை நீங்களும் காணலாம். சக்கரத்தின் மீது பக்கவாட்டு விசை இரண்டு மடங்கானால் தேய்மானம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பதையும் இந்த ஆய்வுகள் காட்டின. ஒரே மாடல் வண்டி, ஒரே டயர், ஆனால் ஒருவருக்கு இரண்டு வருடம் வருகிறது, இன்னொருவருக்கு ஒரே வருடத்தில் மொட்டையாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அவரவர் வலக்கையில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. பின் டயர் 20,000 கிலோமீட்டரில் 5 மில்லிமீட்டர் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும். அப்படியானால் மொத்தம் 1 கோடி சுற்றுகள். 5 மில்லிமீட்டரை 1 கோடியால் வகுத்தால், ஒரு சுற்றுக்குத் தேய்வது அரை நானோமீட்டர். இரண்டு மூன்று அணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம்! உண்மையில் அணு அணுவாகக் கழல்வதில்லை, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகத்தான் உதிர்கிறது. ஆனால் சராசரி இதுதான். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போவதில் வியப்பே இல்லை.

உதிர்ந்த துணுக்குகள் மழைநீரோடு ஓடைக்குப் போகின்றன. ரப்பர் வெடிக்காமலிருக்க டயரில் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நச்சுதான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் என்று 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தேவையில்லாமல் டயரைத் தேய்ப்பது நம் பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை.

பள்ளங்களுக்கு ஒரே வேலை

டயரில் பட்டன் இருந்தால்தான் பிடிப்பு என்று பலரும் நம்புகிறோம். சுத்தமான, உலர்ந்த தார்ச்சாலையில் அது சரியல்ல. மோட்டோஜிபி பந்தயத்தில் உலர்ந்த ஓடுபாதைக்குப் பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்களைத்தான் போடுகிறார்கள். பள்ளம் இல்லாவிட்டால் அவ்வளவு ரப்பர் கூடுதலாகத் தரையைத் தொடும். மழை வந்ததும் அதே வீரர்கள் பிட் லேனுக்குத் திரும்பி, ஆழமாக வெட்டப்பட்ட டயர்களுக்கு மாறுகிறார்கள்.

நம்மை ஏமாற்றுவது இதுதான். தேய்ந்த டயர் வெயில் நாளில் நன்றாகவே பிடிக்கும். ஆறு மாதம் வெயிலில் ஓட்டி, "டயர் இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று நம்பிவிடுகிறோம். பள்ளங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வேலை, தண்ணீரை வெளியேற்றுவது. அந்த வேலைக்கு ஆள் இல்லை என்பது தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும்.

எவ்வளவு தண்ணீர்? சாலையில் 2 மில்லிமீட்டர் நீர் நிற்கிறது, டயர் பதியும் அகலம் 6 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். அப்படியென்றால் ஒரு டயர் நொடிக்கு 2 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். தரையில் படும் ஒவ்வொரு இடத்துக்கும் அதற்குக் கிடைக்கும் நேரம், ஒரு நொடியில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு. பள்ளங்கள் வாய்க்கால்களைப் போல அந்தத் தண்ணீரை வாங்கி ஓரத்துக்குத் தள்ளுகின்றன. புதிதாக 6 மில்லிமீட்டர் ஆழம் இருந்த வாய்க்கால், 1 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் அதன் கொள்ளளவு ஆறில் ஒரு பங்குதான். தூர் வாராத வாய்க்காலில் வெள்ளம் வந்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது. தண்ணீர் டயருக்கு அடியில் தங்குகிறது, ரப்பர் தரையைத் தொடுவதில்லை.

1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்னும் உடன் பணியாற்றியவர்களும், நனைந்த ஓடுபாதையில் விமானங்கள் வழுக்குவதை ஆராய்ந்தார்கள். நீர் தேங்கிய தரையில் டயர் முழுமையாகத் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். வழவழப்பான டயரில் 25 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் அந்தச் சூத்திரப்படி வேகம் மணிக்கு 83 கிலோமீட்டர். காற்று இறங்கி 16 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் 67 கிலோமீட்டர். வட்ட முதுகுள்ள பைக் டயர் படகின் மூக்கைப் போலத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதால் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் நடுமுதுகு தேய்ந்து தட்டையான டயரிடம் அந்த மூக்கு இல்லை, வாய்க்காலும் இல்லை.

முழுவதும் மிதக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முதல் மழையில், மாதக்கணக்காகப் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து மெல்லிய குழம்பாகச் சாலையில் பரவும். அந்தப் படலமே ஒட்டுதலைப் பறிக்கப் போதும். பிடிப்பு பாதியானால் என்ன ஆகும்? 60 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல பிடிப்புள்ள சாலையில் பிரேக் பிடித்தால் 20 மீட்டரில் நிற்கலாம். பிடிப்பு பாதியானால் 40 மீட்டர். இடையில் இருக்கும் அந்த 20 மீட்டரில் ஏறத்தாழ இரண்டு பஸ்கள் நிற்கும் இடம் இருக்கிறது.

தீக்குச்சி, ஏடிஎம் அட்டை

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 94ஆம் விதி டயரின் நிலையைப் பற்றியது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும், மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தாலோ, ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ அது நல்ல டயர் ஆகாது என்றும் அதே விதி சொல்கிறது. பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு 1 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1.6 மில்லிமீட்டர்.

டயர் செய்பவர்களே இந்த எல்லையைக் குறித்துத் தருகிறார்கள். டயரின் பக்கச் சுவரில், ஓரத்தை ஒட்டி, ஒரு சிறு முக்கோணமோ அம்புக்குறியோ டிடபிள்யூஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அங்கிருந்து நேராக மேலே விரலைக் கொண்டுபோய்ப் பள்ளத்துக்குள் பாருங்கள். வாய்க்காலின் குறுக்கே போட்ட வரப்பைப் போல ஒரு சிறிய ரப்பர் மேடு தெரியும். சுற்றிலும் இப்படிப் பல இடங்களில் இருக்கும். பட்டன் தேய்ந்து இந்த வரப்போடு சமமாகிவிட்டால் டயர் முடிந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

வரப்பு இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? வீட்டில் இருக்கும் பொருள்களே போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை நடுமுதுகின் பள்ளத்தில், வரப்பு இல்லாத இடத்தில், தரை தட்டும் வரை செங்குத்தாக நிறுத்துங்கள். டயரின் மேற்பரப்பு குச்சியைத் தொடும் இடத்தில் நகத்தால் ஓர் அடையாளம் போடுங்கள். குச்சியை எடுத்து, முனையிலிருந்து அந்த அடையாளம் வரை உள்ள உயரத்தை ஓர் ஏடிஎம் அட்டையின் தடிமனோடு ஒப்பிடுங்கள். உலகம் முழுவதும் வங்கி அட்டைகளின் தடிமன் ஒன்றுதான், 0.76 மில்லிமீட்டர். சட்டம் சொல்லும் 0.8 மில்லிமீட்டர் என்பது அநேகமாக அதே அளவு. அந்த அட்டையைக் கையில் பிடித்துப் பாருங்கள். சட்டத்தின் கடைசி எல்லை எவ்வளவு மெலிசு என்பது அப்போது உறைக்கும்.

என் பரிந்துரை இரண்டு அட்டைகள். இரண்டு ஏடிஎம் அட்டைகளை அடுக்கினால் 1.5 மில்லிமீட்டர். நடுமுதுகில் பள்ளம் அதற்குக் கீழே போய்விட்டால் புது டயருக்குப் பணம் ஒதுக்குங்கள். மழைக்காலம் அடுத்து வருகிறதென்றால் காத்திருக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து, எது மிகக் குறைவோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேய்ந்த வடிவம் பேசும்

எவ்வளவு தேய்ந்தது என்பதோடு எப்படித் தேய்ந்தது என்பதையும் பாருங்கள். வண்டி எப்படி ஓட்டப்பட்டது, எங்கே குறை இருக்கிறது என்பதை டயர் சொல்லிவிடும்.

நடு மட்டும் தேய்ந்து, குறுக்கே பார்த்தால் சதுரமாகத் தெரிந்தால், நெடுஞ்சாலையில் நேராக நெடுந்தூரம் ஓடிய டயர் அது. காற்று அதிகமாக அடித்தாலும் இப்படி ஆகும். இந்த டயரில் வளைவில் சாயும்போது, வண்டி முதலில் மறுத்து நின்று, பிறகு தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவதுபோல் சாயும். திருப்பங்களில் "வண்டி சொன்னபடி கேக்கலை" என்று தோன்றினால் முதலில் பின் டயரைப் பாருங்கள்.

நடுவைவிடத் தோள் பகுதிகள் வேகமாகத் தேய்ந்தால் காற்று குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. உள்ளே வெப்பம் ஏறுகிறது, நூலடுக்குகள் தளர்கின்றன. வெளியே பட்டன் இருந்தாலும் உள்ளே டயர் செத்துக்கொண்டிருக்கும்.

முன் டயரைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதே சரி. ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப் பல்லைப் போலவும் உறுத்தினால், ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கிறது. முன் பிரேக் தொடர்ந்து ஒரே பக்கமாக ரப்பரை இழுப்பதால் இது ஓரளவு இயல்பு. மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் காற்றழுத்தத்தையும் முன் ஷாக் அப்சார்பரையும் சக்கர பேரிங்கையும் சோதிக்க வேண்டும். தார்ச்சாலையில் போகும்போது ஹேண்டில்பாரில் ஒரு மெல்லிய 'கர்ர்' அதிர்வு தெரிவது இதன் அறிகுறி.

வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்றே அதிகம் தேய்ந்திருந்தால் பதற வேண்டாம். மழைநீர் வடிய நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கின்றன. நாம் இடப்பக்கம் போவதால், நேராக நிற்கும் வண்டியின் டயர் கொஞ்சம் வலத்தோளில்தான் பதிகிறது. வலப்பக்கத் திருப்பங்கள் அகலமானவை, அவற்றில் சாய்ந்தபடி ஓடும் தூரமும் அதிகம். வலப்பக்கம் போகும் நாடுகளில் இடத்தோள் தேயும்.

ஓடாமலே கெடும் டயர்

வெளிநாடு போன மகனின் பைக் வீட்டு வாசலில் மூன்று வருடமாக நிற்கிறது. ஓடவே இல்லை, டயர் புதிதுபோல் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் போகலாமா?

ரப்பரின் எதிரிகள் சாலையில் மட்டும் இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே ஊடுருவி ரப்பரை மெல்ல விறைக்கச் செய்கிறது. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன், ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகிறது. இழுபட்டு நிற்கும் இடங்களில் மெல்லிய வெடிப்புகள் வரிவரியாகத் தோன்றுகின்றன. மீன்களைக் கொன்ற நச்சுக்கு மூலமான அதே 6பிபிடிதான் இங்கே டயருக்குக் காவல். அதனோடு மெழுகும் சேர்த்திருப்பார்கள். டயர் ஓடும்போது மடங்கி விரிவதால் இந்தக் காவல் பொருள்கள் உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பில் பூசிக்கொள்கின்றன. நிற்கும் வண்டியில் அந்தக் கசிவு குறைகிறது. வெப்பம் கூடக் கூட இந்த வேதிவினைகள் வேகம் பிடிக்கும். கோடையில் நம் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்டில், நிழலில்லாத வாசலில் நிற்கும் டயர் சீக்கிரம் மூப்படைகிறது.

டயரின் வயதை அறிய, பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கம். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிந்தவரிடம் காட்டுங்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டு கடந்ததை ஓட்ட வேண்டாம். பக்கச் சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் வெடிப்பு தெரிந்தால், விரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமும் இறங்காமல் பிளாஸ்டிக்கைப் போல விறைத்திருந்தால், வயதைப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்த ரப்பரால் ஜல்லி முனைகளைச் சுற்றி வழிய முடியாது. ஈரத்தில் நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பிடிப்பு அந்த உருமாற்றம்தானே. அதுவும் போய்விடுகிறது.

புது டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் படியுங்கள். கடையில் இரண்டு மூன்று வருடம் கிடந்த சரக்கைப் புதிது என்று தந்தால், தயங்காமல் வேறு கேளுங்கள்.

எப்போது மாற்றுவது

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டயரை மாற்றுங்கள். நடுமுதுகு வரப்போடு சமமாகிவிட்டது. மழைக்கு முன்னால் அளந்ததில் பள்ளம் இரண்டு அட்டை ஆழம்கூட இல்லை. உள்நூல் எங்காவது எட்டிப் பார்க்கிறது. பக்கச் சுவரில் புடைப்போ ஆழமான வெட்டோ இருக்கிறது. ரப்பர் வெடித்து விறைத்துவிட்டது. அடிக்கடி பஞ்சராகிறது. கடைசியாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ரப்பர் மெலிந்த டயரில், முன்பு பட்டனோடு நின்றுவிட்ட ஆணி இப்போது உள்ளே வரை போகிறது.

செய்யக் கூடாதவையும் உண்டு. மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதுக் கோடு போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெட்டப்படுவது உயிர்காக்கும் கடைசி ரப்பர், அதற்கு அடுத்து நூல்தான். ட்யூப்லெஸ் டயரின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் பஞ்சர் ஒட்டித் தொடர்ந்து ஓட்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கும் இடம் அது, ஒட்டு அங்கே நிற்காது. டயர் மாற்றும்போது பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். திருப்பிப் போட்டால் வாய்க்கால்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கும். புது டயரின் மேல் வழவழப்பான ஒரு மெல்லிய தோல் இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டி அது தேய்ந்த பிறகே சாய்த்துத் திரும்புங்கள்.

பின் டயரை மட்டும் மாற்றிவிட்டு முன் டயரை மறந்துவிடுவது நம்மிடம் பரவலான பழக்கம். பின் சக்கரம் இன்ஜினின் இழுப்பையும் கூடுதல் எடையையும் தாங்குவதால் சீக்கிரம் தேயும், முன் டயர் நீண்ட நாள் வரும். ஆனால் அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சரிந்து, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் டயர்தான் செய்கிறது. பின் டயர் வழுக்கினால் சமாளிக்க வாய்ப்பு உண்டு, முன் டயர் வழுக்கினால் அது மிகக் குறைவு.

டயர் நீண்ட நாள் உழைக்க, வலக்கையின் நிதானத்தோடு ஒரே ஒரு பழக்கமும் இருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காற்றைச் சரிபார்ப்பது. எவ்வளவு என்பது செயின் கார்டிலோ பின்பக்க ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பின்னால் ஆள் ஏற்றும்போது வேறு அளவு, அதுவும் அங்கேயே எழுதியிருக்கும்.

ஒத்தக்கடை கடைக்காரர் அன்று என்னிடம் டயர் விற்கவில்லை, அவரிடம் அந்த அளவு இல்லை. காற்றைச் சரிபார்த்துவிட்டு, "முப்பதுல போங்க தம்பி, நாளைக்கே மாத்திருங்க" என்றார். மறுநாள் மாற்றினேன். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தீக்குச்சியும் இரண்டு அட்டைகளுமாக வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை. நீங்களும் இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் வண்டியோடு நிறுத்தாமல், கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் வண்டியையும், தினமும் காய்கறி வாங்கி வரும் அப்பாவின் வண்டியையும் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நடுமுதுகில் விரலை வைத்துப் பாருங்கள். மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.